யாரைப் பார்க்கணும்?

மதுரை
14.6.2024

அன்புள்ள ஷெரின் அக்காவுக்கு, பாண்டீஸ்வரி எழுதுவது.

நீங்கள் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போன பிறகு அப்பாவின் போனில் பல தடவை கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் "ம்", "இல்லக்கா", "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதீர்கள். போனைக் காதில் வைத்ததும் வீட்டில் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். வந்த வார்த்தையும் உள்ளே போய்விடுகிறது. எழுதினால் வரும்போலத் தெரிகிறது.

ஆற்றங்கரைத் தெருவை இடித்து எங்களை இங்கே கொண்டுவந்து ஏழு மாதம் ஆகிறது. ஊருக்கு வெளியே, கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒன்றுபோலவே இருக்கும் மாடிக் கட்டடங்கள். எங்களுக்கு மூன்றாவது மாடி. வந்த புதிதில் நான் இரண்டு தடவை அடுத்த கட்டடத்தில் ஏறிப்போய் யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. முதல் வாரம் அம்மா காரணமே இல்லாமல் அதைத் திறந்து திறந்து மூடினாள். இப்போது அம்மாவும் அதைப் பார்ப்பதில்லை. சீனியம்மாள் அத்தை கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். தெருவில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அவர் இருமினால்கூட எங்களுக்குக் கேட்கும். இங்கே அவரைப் பார்த்தே ஒரு மாதம் இருக்கும்.

பூக்கட்டுவது மட்டும் நிற்கவில்லை. பாண்டிராஜ் அண்ணன் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொட்டு எடுத்து வண்டியில் கொண்டுவருகிறார். தெருவில் புங்கமரத்தடியில் ஒரே கூடையாக இறக்கிவிட்டுப் போவாரே, இங்கே கீழே நின்று ஹாரன் அடிக்கிறார். அவரவர் பையை வாங்கிக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். காற்றாடி போட்டால் மொட்டு வாடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, நானும் அம்மாவும் வேர்க்க வேர்க்கக் கட்டுகிறோம். பேச ஒன்றும் இருப்பதில்லை.

நேற்று கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் தெருவுக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. கழுத்தில் அட்டை, தோளில் பை. தெருவுக்குள் யார் நுழைந்தாலும் மரத்தடியில் இருப்பவர்கள் கேட்பார்கள் அல்லவா? தபால்காரரையும் கேட்பார்கள், என் சித்தப்பாவையும் கேட்பார்கள். உங்களையும் அத்தை கேட்டார், "யாரைப் பாக்கணும்?" நீங்கள் பயந்துபோய், "எல்லாரையும்" என்றீர்கள். "எல்லாரையும் பாக்கணுமாம்ல! வரிசையில நிக்கச் சொல்லவா தாயி?" என்று அத்தை கேட்டதும் மொத்தத் தெருவும் சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி


தூத்துக்குடி
2.7.2024

அன்பு பாண்டி,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். குழம்பு ஆறிவிட்டது. இரண்டு வருடம் சமூகப்பணிப் படிப்புக்காக உங்கள் தெருவுக்கு வந்துபோனேன். அப்போது நீ என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்தக் கடிதத்தின் பாதி தேறாது.

நீ சிரித்ததைப் பார்த்தேன். உன்னைப் பார்த்துத்தான் அன்றைக்குத் திரும்பி ஓடாமல் நின்றேன்.

நான் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். கோச்சடை வீட்டில் எங்கள் அம்மா ஒவ்வொரு தடவையும் "எங்கே போற, எப்ப வருவ, யாரு கூட" என்று கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். இங்கே கேட்க ஆளில்லை. முதல் வாரம் ராணி மாதிரி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு படுத்திருந்தேன். கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கக்கூட ஒரு நாதியில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் உன்னோடு சண்டை போடுவேன். குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்தது சின்னக் காரியமில்லை. இருட்டட்டும் என்று காத்திருந்து நீயும் அம்மாவும் ஆற்றுப் பக்கம் போனதை மறந்துவிட்டாயா? மழைக்காலத்தில் கட்டில்மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சமைத்ததை? எனக்கு மறக்கவில்லை. ஆகவே அந்தத் தெருவை ரொம்பவும் அழகாக்கிவிடாதே.

பள்ளிக்கூடம் போகிறாயா? அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

பிரியமுள்ள,
ஷெரின்


மதுரை
28.7.2024

அன்புள்ள ஷெரின் அக்காவுக்கு,

நீங்கள் சொன்னது சரிதான். மழைக்காலத்தை மறந்துவிட்டேன். கழிப்பறையை எனக்கும் பிடிக்கும்.

பள்ளிக்கூடம் போகவில்லை. மாறி வந்தபோது பத்தாவதில் பாதி வருடம் ஓடிவிட்டது. புதுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாள் டீச்சர் என்னை எழுப்பி, "உன்னைப் பத்தி நாலு வரி சொல்லும்மா" என்றார். நல்லவர்தான். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு போகவில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

வேறு ஒன்று சொல்ல வேண்டும். நேற்றே எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

அம்மா மத்தியான பஸ்ஸில் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் பூ விற்கப் போய்விடுவாள். அப்பாவுக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை. முன்பு நடந்து வருவார், இப்போது பஸ் கிடைத்து வர நேரமாகிறது. சாயங்காலம் நான் தனியாகத்தான் இருப்பேன். அந்த நேரத்தில் படிக்கட்டில் பையன்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள். நான் குப்பை கொட்டப் போனால் விசில் அடிக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதில் சீனியம்மாள் அத்தை மகன் தமிழ்மாறனும் ஒருத்தன். அக்கா, அவன்தான் தெருவில் எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைப்பான். பெண்கள் பக்கம் நிமிர்ந்தே பார்க்க மாட்டான். அதே பையன்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அங்க இவளுக்கு அம்புட்டுக் கண்ணு காவலா இருந்துச்சு. இங்க யாரு இருக்கா? ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா எனக்கு உறக்கம் வரும்" என்றார்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தத்தில் செல்வக்குமார் என்று ஒருவர். டிராக்டர் ஓட்டுகிறார். ஆள் நல்லவர் என்கிறார்கள். அவர்களிடம் பேசிவிட்டார்கள். எனக்குப் பதினேழே இன்னும் முடியவில்லை அக்கா. வேண்டாம் என்று சொல்ல அப்பா முன்னால் போய் நிற்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். அவ்வளவுதான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பாண்டீஸ்வரி


தூத்துக்குடி
5.8.2024

பாண்டி,

யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்ட ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியாது. சனிக்கிழமை வருகிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரையும் அழைத்து வருகிறேன். உன் அப்பா என்னை மதிப்பவர், பேசினால் கேட்பார். பயப்படாதே.

ஷெரின்


மதுரை
14.8.2024

ஷெரின் அக்காவுக்கு,

நீங்கள் வந்துபோனதிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை.

தெருவுக்கு வரும்போது நீங்கள் எங்களோடு ஈரச் சாக்கைச் சுற்றித் தரையில் உட்காருவீர்கள். பேசிக்கொண்டே இரண்டு பூவையாவது தப்பாகக் கட்டுவீர்கள். அத்தை அதைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவார். சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். மடியில் ஃபைல் இருந்தது. கூட வந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார், அவர் வீட்டிலேயே.

கதவை ஏன் சாத்தினீர்கள் அக்கா? பட்டப்பகலில் ஆள் வந்திருக்கும்போது எங்கள் ஆட்கள் கதவைச் சாத்துவார்களா? ஏதாவது அசிங்கம் நடந்தால்தான் சாத்துவார்கள். நீங்கள் இறங்கிப்போனதும் எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்னண்ணே, புள்ள மேல ஏதும் கேஸா?" என்று கேட்டார். ஒன்பது மாதத்தில் அவர் எங்களோடு பேசிய முதல் பேச்சு அது.

அப்பா சொன்னார், "எங்க தெருவுல சாக்குல உக்காந்து டீ குடிச்ச புள்ள, இன்னைக்கு எனக்குச் சட்டம் சொல்ல வந்திருச்சு. எப்ப வெளிய தெரிஞ்சு போச்சோ, இனி தள்ளிப்போடக் கூடாது." வருகிற மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூ வைக்க வருகிறார்கள்.

நான் எழுதினது என் தப்பு. நீங்கள் இனி எழுதவேண்டாம்.

பா.


தூத்துக்குடி
26.8.2024

அன்பு பாண்டி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். சீனியம்மாள் அத்தை பெயருக்கு அனுப்புகிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் எப்படியும் உன்னைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒருவருடைய சொந்த விஷயத்தைப் பேசும்போது கதவைச் சாத்த வேண்டும் என்று படித்திருக்கிறேன். அடுத்தவர் காதில் விழக்கூடாது, அதுதான் மரியாதை. உன் வீட்டில் அதுவே அவமரியாதை ஆகும் என்று இரண்டு வருடம் உங்களோடு உட்கார்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பேன். இப்போது கேட்டால் அதையும் சட்டம் என்று நினைப்பார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள் என்றால் நான் 1098-க்கு, குழந்தைகள் உதவி எண்ணுக்கு, போன் செய்வேன். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன், ஆனால் செய்வேன். நீ என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. நீயே கூப்பிட்டாலும் அவர்கள் வருவார்கள், இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உன் அப்பாவைக் கெட்டவர் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை, தெரியுமா? தெருவில் சோணை மாமா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை மறந்துவிட்டாயா? மரத்தடியில் பேச்சு வந்தது. உன் அப்பா வேலை முடிந்து வந்தவர், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஏப்பா சோணை, ஒம் மகளுக்குப் பல்லு விழுந்து மொளைச்சதே நேத்துத்தானப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சோணை மாமாவே சிரித்துவிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அன்று யாரும் சட்டம் பேசவில்லை, யாரும் யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை.

அந்த மனிதர்தான் இந்த மனிதர். படிக்கட்டில் பையன்கள் விசில் அடிக்கிற கட்டடத்தில், மூன்றாவது மாடியில் தனியாக நிற்கிறார். அதை மட்டும்தான் என்னால் யோசிக்க முடிகிறது. அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷெரின்


மதுரை
20.9.2024

அன்புள்ள ஷெரின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும். பாதியை மறைக்கலாம் என்றுதான் கீழே போனேன். ஆனால் அன்றைக்குப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மேலே வீடு அடுப்பு மாதிரி கொதித்தது. பூ வாடிவிடும் என்று கூடையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கீழ்ப்படிக்கட்டுப் பக்கம் வெயில் படாது, தரை ஜில்லென்று இருக்கும். அத்தையும் தன் பூவை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தார். அம்மாவும் வந்தாள். சாக்கை நனைத்துப் போட்டோம். கடிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, கட்டிக்கொண்டே வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் அத்தை கூடையைத் தன் பக்கம் இழுத்தார். நார் எடுத்தார், பூ வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலேயே, "ஒனக்கு எப்புடித்தா இருக்கு?" என்றார்.

நானும் பூவைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

வந்துவிட்டது அக்கா. கையில் நார் இருந்தது, யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வந்துவிட்டது. அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி கட்ட ஆரம்பித்தாள்.

அத்தை கேட்டார், "படியில எவனோ விசில் அடிக்கிறான்னு எழுதியிருக்கே, எவன்?" நான் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள். அத்தை முகம் சுருங்கிப்போனது. "நான் கதவைச் சாத்திக்கிட்டு டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கரண்ட் இருந்தது. ஆனாலும் அத்தை படிக்கட்டில் சாக்கை விரித்துவிட்டார். பாண்டிராஜ் அண்ணனிடம், "ஏம்ப்பா, பையி பையா எதுக்கு? கூடையோட எறக்கு" என்றார். இரண்டாம் மாடியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாலு நாளில் படிக்கட்டை மறித்துவிட்டோம். சாயங்காலம் பையன்கள் வந்தார்கள், அத்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். தமிழ்மாறன் திரும்பிப் போகப் பார்த்தான். "எங்கடா போற? அந்தச் சாக்கை நனைச்சுக் கொண்டா" என்றார் அத்தை. கொண்டுவந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். செல்வக்குமார், அவருடைய அக்கா, இன்னும் சிலர். கையில் தாம்பாளம். மேலே போக வழியில்லை, நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கட்டவேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தை கேட்கவில்லை.

"யாரைப் பாக்கணும்?" என்றார் அத்தை.

எத்தனை மாதம் ஆயிற்று, அதைக் கேட்டு.

"முத்திருளன் அண்ணே வீட்டுக்கு. பூ வைக்க வந்திருக்கோம்" என்று அப்பா பெயரைச் சொன்னார் வந்தவர்களில் ஒருத்தர்.

"நல்ல காரியம். யாருக்கு?"

"அவுக மகளுக்குத்தான்."

"பாண்டிக்கா? தம்பி, நீங்கதான் மாப்ளயா? புள்ளைக்கு என்ன வயசுன்னு தெரியுமா?"

செல்வக்குமார் கூச்சத்தோடு, "பத்தொம்பதுன்னு சொன்னாக" என்றார்.

அப்பா சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து பாதிப் படியில் நின்றிருந்தார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூவைக் கட்டிக்கொண்டே, "பத்தொம்பதாமே! ஏண்ணே, ஒங்க மகளுக்குப் பல்லு விழுந்து மொளைச்சதே நேத்துத்தானண்ணே?" என்றார்.

அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும். அப்பா மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தன் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

செல்வக்குமார் தாம்பாளத்தைத் தன் அக்கா கையில் கொடுத்தார். "மாமா, எனக்கு நெசமாவே தெரியாது" என்றார். அப்பா, "வந்ததுக்குக் காப்பி குடிச்சுட்டுப் போங்க மாப்ள" என்றார். எல்லாரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். அவருடைய அக்கா எங்களோடு கொஞ்சம் பூக்கூடக் கட்டினார். உங்களைவிட நன்றாகக் கட்டுகிறார்.

அப்பா மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே, "வேணாம்னா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான தாயி" என்றார். நானும் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "சொல்ல வந்தேன்ப்பா, தண்ணி குடுத்துட்டுப் போயிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் கதவைச் சாத்தியது தப்புதான்.

பாண்டீஸ்வரி


தூத்துக்குடி
3.10.2024

அன்பு பாண்டி,

அலுவலகத்தில் உன் கடிதத்தை வாசித்து அழுதுவிட்டேன். கூட வந்திருந்தாரே, எழுதிக்கொண்டே இருந்தவர், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இப்போது நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே எப்படி உட்காருவார்கள் என்று பார்க்கிறேன். போன வாரம் ஒரு உப்பளத் தொழிலாளி வீட்டில் ஒரு மணி நேரம் மீன் ஆய்ந்தேன். மீன் நாற்றம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த அம்மா பேசினார்.

அப்பா உன்னைப் பதினெட்டு முடியும் வரை விடுவாரா, அதற்கு மேலும் விடுவாரா? நீ பத்தாவதை வீட்டிலிருந்தே எழுதலாம். விசாரித்து வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி நாலு வரி சொல்லச் சொல்லி யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஷெரின்


மதுரை
9.1.2025

அன்புள்ள ஷெரின் அக்காவுக்கு,

பொங்கலுக்குக் கோச்சடைக்கு வருகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கும் வரவேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார். "அந்தப் புள்ளைய வரச் சொல்லு. ஃபைலை வச்சுட்டு வரச் சொல்லு" என்றார்.

பத்தாவதைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். பூக்கட்டும்போதுதான். "பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. புத்தகத்தை மட்டும் அத்தை வீட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

எல்லாம் நன்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பின் கட்டடத்தில் போன வாரம்கூடச் சண்டை, கத்திக்குத்து. எங்கள் படிக்கட்டில் மட்டும் இப்போது யாரும் குடிப்பதில்லை. தமிழ்மாறன் பல்பு மாட்டிவிட்டான்.

போன வாரம் அம்மாவோடு பூ விற்கப் போனபோது, பழைய தெரு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். எங்கள் வீடு எங்கே இருந்தது, குழாய் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த இடம் இவ்வளவு சின்னதா என்று அம்மா கேட்டாள். புங்கமரம் மட்டும் நிற்கிறது. அதன் அடியில் ரொம்ப நேரம் நின்றோம். யாரைப் பார்க்கணும் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அதுதான் அழுகையாக வந்தது. ஆனால் சாயங்காலம் திரும்பி வந்து படியேறும்போது, பல்பைப் போடாத இருட்டில் முகம் தெரியாமல் மேலேயிருந்து ஒரு சத்தம், "யாரது? யாரைப் பாக்கணும்?" அப்பா! வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். "நாங்கதான்ப்பா" என்றேன். "நாங்கதான்னா யாரு? பேரைச் சொல்லு" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

நீங்கள் வரும்போதும் கேட்பார். தெரியாதவர் மாதிரிதான் கேட்பார், கோபப்படாதீர்கள். முதல் நாள் சொன்னதையே சொல்லுங்கள். எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி